போளூர் மச்சானுக்கு, சாம்பார் விஷயமாக

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.
செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்
(கடையில் ஆள் இல்லாததால் எழுத முடிகிறது)

மதிப்பிற்குரிய மச்சான் ராஜேந்திரன் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய கண்ணாயிரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே அடுப்பு எரிகிறது, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. அங்கே நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் சர்க்கரை இறங்கியதா, முருங்கை இந்த வருடமாவது காய்த்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை. உங்கள் வீட்டுப் பின்னறையில் ஒன்பது நாளாகத் தங்கியிருக்கும் ஆள் சௌக்கியமா என்று நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் முருங்கையைக் கேட்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்தால் நீங்கள் "இதோ சரோஜாகிட்ட குடுக்கறேன் மாப்ள" என்று கொடுத்துவிடுகிறீர்கள். அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொள்கிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன வியாழக்கிழமை பதினோரு நிமிடம் நான் சாம்பாரைப் பற்றி விளக்கம் சொன்னேன். அந்தப் பக்கம் உங்கள் வீட்டு ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த ஃபேனுக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள். நீங்கள் முப்பத்திரண்டு வருடம் தபால் இலாகாவில் இருந்து போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். அடுத்தவன் கடிதத்தைப் பிரிக்காமல் கொடுத்தே உங்கள் சர்வீஸ் முடிந்துவிட்டது. உங்கள் பெயருக்கே ஒரு கடிதம் வந்தால் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் கீழே வைக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்கு டிவியில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். டிவியில் காட்டியது நாற்பத்திரண்டு நிமிடம். நடந்தது ஆறு நாள். மீதியை நான் சொல்கிறேன்.

கடை கொஞ்ச காலமாகவே படுத்துக்கொண்டுதான் இருந்தது, அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்காக எங்கள் பக்கத்தில் எட்டு கஃபே வந்துவிட்டது. தரையில் மெத்தை போட்டு, கீரையைப் பச்சையாக அரைத்து டம்ளரில் கொடுக்கிறார்கள். குடித்துவிட்டு அவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து நம்ம ஊர் ஆட்களும் அங்கே போய்க் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஆட்டோ ஸ்டாண்டும் இரண்டு லாட்ஜ் வேலையாட்களும்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனம் உன் கடை வாசலில்தானே கிரிவலம் போகிறது, உனக்கென்ன குறைச்சல் என்று நீங்களே ஒருமுறை கேட்டீர்கள். மச்சான், பௌர்ணமிதான் நாங்கள் ஈ ஓட்டுகிற நாள். பதினாலு கிலோமீட்டர் சுற்றிலும் நூறடிக்கு ஒரு புண்ணியவான் அன்னதானம் போடுகிறார். புளியோதரை, தயிர்சாதம், சுண்டல் என்று தொன்னையில் வைத்துக் கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிறார்கள். சும்மா கிடைக்கிற சோற்றை விட்டுவிட்டு என் கடைக்குள் வந்து உட்கார எவனுக்குத் தலையெழுத்து. அன்றைக்குப் படியேறி வருகிறவன் பாத்ரூம் எங்கே என்று கேட்க வருகிறவன்தான். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த நிலைமையில்தான் உங்கள் மருமகள், அதாவது என் மகள் ஓவியா, சென்னையில் இருந்துகொண்டு 'புது அடுப்பு' நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டாள். படுத்துப்போன ஓட்டலுக்கு வந்து ஆறே நாளில் தூக்கி நிறுத்துகிற நிகழ்ச்சியாம். ஒருநாள் போன் செய்து, "அப்பா, நாம செலக்ட் ஆயிட்டோம்" என்றாள். எதுக்கும்மா செலக்ட் ஆனோம் என்று கேட்டேன். "ரொம்ப மோசமா நடக்கற ஓட்டல்னு" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். சரோஜாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "டிவிக்காரன் வந்து கத்துக் குடுத்துதான் நான் இனிமே சாம்பார் வைக்கணுமா?" என்று கேட்டாள். புள்ள ஆசைப்படுது, விடு என்று சொன்னது நான். என் மேல் உள்ள தப்புகளை வரிசையாக ஒப்புக்கொண்டே போகிறேன், இது முதல் தப்பு.

ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டு வேனில் பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். அவர்களை மேய்க்கிறது சினேகா என்று ஒரு பெண், ஓவியா வயசுதான் இருக்கும், காதில் எந்நேரமும் ஒயர். நேராக அடுப்படிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் வாடி வெளியே வந்தாள். "அங்கிள், கிச்சன் இவ்ளோ க்ளீனா இருக்கே, ஷோவுக்கு செட்டே ஆகாதே." சரோஜா பாவம், அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு, "தினம் ரெண்டு வேளை கழுவி விடுவோம்மா" என்றாள். உடனே அவர்கள் ஒரு பையனிடம் அழுகின தக்காளி வாங்கி வரச் சொல்லி எங்கள் ஃபிரிட்ஜில் அடுக்கினார்கள். பத்து நிமிடத்தில் சரோஜா அதைப் பார்த்துவிட்டாள். பாத்திரம் தேய்க்கிற எல்லம்மாளைக் கூப்பிட்டு, "எவ இதை உள்ள வச்சது?" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, தக்காளியைக் கொட்டி ஃபிரிட்ஜைத் துடைத்து வைத்தாள். அவர்கள் மறுபடி வைத்தார்கள். இவள் மறுபடி துடைத்தாள். மூன்றாவது முறையும் இவள் துடைத்தது தெரியாமல் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. நிகழ்ச்சியின் பெரிய செஃப் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து அலற வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் அலறலைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். உள்ளே கழுவிக் கட்டின புதினாக் கட்டு ஒன்றுதான் இருந்தது. வந்த அலறலை என்ன செய்வார், புதினாவைப் பார்த்தே அலறிவிட்டார். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

அந்த செஃப் பெயர் இளவரசன். பெயரைக் கேட்டால் கலசபாக்கத்துப் பக்கத்து ஆள் போல இருக்கும், பேச்சு மட்டும் விமானத்தில் வந்து இறங்கின பேச்சு. இரண்டாம் நாள் அவர் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்து, சாம்பாரைத் துப்ப வேண்டும். இலை போட்டு, சோறு வைத்து, சரோஜா தன் கையாலேயே ஊற்றினாள். மனுஷன் ஒரு வாய் வைத்தார். துப்பவில்லை, விழுங்கிவிட்டார். சினேகா, "சார், ஸ்பிட் பண்ணணும் சார்" என்றாள். சாரி சாரி, ஒன் மோர் என்றார். மறுபடி இலை, மறுபடி சோறு, மறுபடி விழுங்கிவிட்டார். ஆறாவது தடவை அப்பளம் கேட்டார். ஏழாவது தடவை வயிறு நிரம்பி, பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றி அதைத் துப்பினார். டிவியில் அந்தத் தண்ணீரைத்தான் சாம்பார் என்று காட்டினார்கள். கவனித்துப் பார்த்திருந்தால் நிறமில்லாமல் இருந்தது தெரிந்திருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் கவனிக்கிறவர், ஆனால் அன்றைக்குக் கோபத்தில் இருந்திருப்பீர்கள்.

பிறகு நான் அழ வேண்டும் என்றார்கள். ஓட்டல் முதலாளி அழாமல் எந்த எபிசோடும் முடிந்ததில்லையாம். வெங்காயம் கொண்டுவந்தார்கள். முப்பது வருடமாகத் தினம் பத்துக் கிலோ வெங்காயம் உரிக்கிறவன் கண்ணை வெங்காயம் என்ன செய்யும், அதையும் உரித்து வைத்துவிட்டேன். "உங்க அம்மாவை நெனச்சுக்கோங்க அங்கிள்" என்றாள் சினேகா. நினைத்தேன். துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு என்னை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்தி வந்தது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். கடைசியில் ஏதோ மருந்தைக் கண்ணில் விட்டார்கள். இடது கண்ணில் விடும்போதே எரிச்சல் தாங்காமல் எழுந்து ஓடிவிட்டேன். டிவியில் என் இடது கண் மட்டும் அழுததன் காரணம் இதுதான், எனக்கு வாதமெல்லாம் ஒன்றும் இல்லை. அக்கா கவலைப்பட்டதாக ஓவியா சொன்னாள், நன்றி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் என்னைத் தனியாக உட்கார வைத்து, "உங்க மனைவி சமையலைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க அங்கிள்" என்றார்கள். நான் சொன்னது இது, ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை: "சரோஜா வச்ச சாம்பாரை வாயில வைக்க முடியலன்னு எவனாவது சொன்னா, அவன் நாக்குக்குத்தான் வைத்தியம் பாக்கணும். அதைத் தின்னுட்டுத்தான் நான் இத்தனை வருஷம் உயிரோட இருக்கேன்." நாலாம் நாள் கஃபேக்களைப் பற்றிக் கேட்டபோது, "சுத்தி எட்டு கஃபே வந்துடுச்சி, அதான் கடை படுத்துடுச்சி" என்றேன். அவர்கள் மூன்றாம் நாள் பேச்சின் தலையையும் நாலாம் நாள் பேச்சின் வாலையும் எடுத்து ஒட்டி, "சரோஜா வச்ச சாம்பாரை வாயில வைக்க முடியல. அதான் கடை படுத்துடுச்சி" என்று நான் சொன்ன மாதிரி காட்டிவிட்டார்கள். அதன் பிறகு இடி இடிக்கிற சத்தம், சரோஜாவின் அதிர்ந்துபோன முகம். அந்த முகம் எப்போது எடுத்தது தெரியுமா, சிலிண்டர்க்காரன் நாளைக்குத்தான் வருவேன் என்று சொன்னபோது எடுத்தது.

அதற்கு நடுவில் கடையையும் மாற்றினார்கள். சுவரெல்லாம் கறுப்பு பெயிண்ட். மேலே இருந்து கயிறு கட்டின பல்புகள், உயரமான ஆள் எழுந்தால் இடிக்கும். ஆட்டோ ஸ்டாண்டு பாலாஜி தெரியுமல்லவா, உங்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வருவானே, அவன் மூன்று தடவை இடித்துக்கொண்டு இப்போது குனிந்தபடியே சாப்பிடுகிறான். வாழை இலை கூடாது என்று கறுப்புக் கல் தட்டு கொடுத்தார்கள். அதில் ரசம் ஊற்றினால் ரசம் மேஜைக்குப் போய்விடுகிறது. கடை பெயரையும் 'தி ஹில் பௌல்' என்று மாற்றிவிட்டார்கள். பழைய போர்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கடை திறந்த அன்று நீங்கள்தான் அதற்கு முன்னால் தேங்காய் உடைத்தீர்கள். மஞ்சளில் நீல எழுத்தில் 'சரோஜா மெஸ்' என்று எழுதி, மூலையில் ஒரு தாமரை போட்டது. அப்போது கல்யாணம் ஆகி ஆறு மாதம். போர்டில் தன் பெயரைப் பார்த்து வெட்கப்பட்டு ஒரு மாதம் பின்வாசல் வழியாகவே வந்து போனாள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். நல்ல கனமான தகரம், வீணாகப் போவானேன் என்று அடுப்படித் தண்ணீர் டிரம்முக்கு மூடியாகப் போட்டேன், அளவெடுத்துச் செய்தது போலச் சேர்ந்துவிட்டது. சரோஜாவுக்கும் அது பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். மற்ற மூடிகளை எடுத்தால் தரையில் சாய்த்து வைப்பவள், இதை மட்டும் கீழே வைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டே தண்ணீர் மொள்வாள். இது கதைக்குத் தேவையில்லாதது, டிரம் ஞாபகம் வந்ததால் சொன்னேன்.

ஆறாம் நாள் திறப்பு விழா. அன்றைக்குப் பௌர்ணமி. கூட்டம் இருக்கிற நாளில் வைத்தால்தான் டிவியில் நன்றாக இருக்கும் என்று அவர்களே தேதி குறித்தார்கள். செஃப் இளவரசன் நம்ம ஜவ்வாது மலை சாமையில் ஏதோ ஒன்று செய்தார். இத்தாலிக்காரன் பலகாரம் என்றார். எங்கள் பாஷையில் சொன்னால் குழைந்துபோன சாமைச் சாதம். அதைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று தொன்னையில் வைத்து, வாசலில் மேஜை போட்டு, வாழைமரம் கட்டி, சீரியல் லைட் போட்டு, மைக்கில் கூப்பிட வேண்டும் என்றார். சரோஜா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "பௌர்ணமி அன்னைக்கு வாழமரம் கட்டி, மைக்குல கூப்ட்டு, தொன்னையில சோறு குடுத்தா எவன்யா காசு குடுப்பான்? உனக்கு ஊர் தெரியாதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும். தெரிந்தும், "டிவிக்காரங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுது" என்று சொன்னேன். இது எத்தனையாவது தப்பு என்று எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

நாலு மணிக்கு சினேகா மைக்கைப் பிடித்து, "வாங்க வாங்க, புதுசா ஓபன் பண்ணிருக்கோம், டேஸ்ட் பண்ணிட்டுப் போங்க" என்றாள். வாங்க என்ற வார்த்தைதான் காதில் விழுந்திருக்கும். மச்சான், அஞ்சு நிமிடத்தில் வரிசை ஆஞ்சநேயர் கோயில் வளைவு வரைக்கும் போய்விட்டது. முதல் ஆள் தொன்னையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அண்ணாமலைக்கு அரோகரா" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே. செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினார்கள். குழந்தைக்கு ஒன்று, வீட்டில் முட்டி வலியோடு இருக்கிற மாமியாருக்கு ஒன்று என்று கேட்டு வாங்கினார்கள். கூட்டத்தை ஒழுங்கு பண்ண வந்த போலீஸ்காரர், "ரெண்டாவது வாட்டி வராதீங்க, எல்லாருக்கும் கெடைக்கட்டும்" என்று எங்களுக்காகக் குரல் கொடுத்தார். ஒரு செட்டியார் வந்து, இது எந்த டிரஸ்ட், அடுத்த பௌர்ணமிக்கு நானும் ஒரு மூட்டை அரிசி தரட்டுமா என்று கேட்டார். பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த என் கையில் ஒரு அம்மா சில்லறையை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். உண்டியல் என்று நினைத்துவிட்டார்.

செஃப் இளவரசன் பௌர்ணமி அன்னதானத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஜனங்கள் அவர் சாப்பாட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஐ ஹாவ் கிச்சன்ஸ் இன் ஃபோர் சிட்டீஸ், இந்த மரியாதையை எங்கயும் பாத்ததில்ல" என்று கேமராவைப் பார்த்து நிஜமாகவே தேம்பினார். ஒரு கிழவி அவர் நெற்றியில் விபூதியைப் பூசி, "தர்மம் தலைகாக்கும்டா கண்ணு, உன் பொண்டாட்டி புள்ளைங்க நல்லா இருக்கணும்" என்று ஆசீர்வாதம் பண்ணினாள். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்த ஆறு நாளில் மருந்து விடாமல் வந்த கண்ணீர் அது ஒன்றுதான். ஏழு மணிக்குச் சாமை தீர்ந்தது. பக்கத்து அன்னதானப் பந்தல்காரர் கோபமாக வந்து, எங்க பந்தலுக்கு ஆளே வரலை, அடுத்த பௌர்ணமிக்கு முன்கூட்டியே சொல்லிட்டுப் போடுங்க என்று சண்டை பிடித்தார்.

வேன்கள் போய்விட்டன. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள். கடையிலேயே எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம், ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க வந்திருந்தது. அந்தச் சாம்பார் வசனம் வந்ததும் எல்லோரும் சரோஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பாலாஜி மட்டும் எழுந்து தலையை இடித்துக்கொண்டான். சரோஜா கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தாள், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் காலை சாம்பார்த்தூள் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, போளூர் வழியாகப் போகிற வேலூர் பஸ் ஏறிவிட்டாள். துணி எடுத்துப் போனாளா என்று தெரியாது. டப்பாவை எடுத்தது தெரியும்.

இந்த ஒன்பது நாளாகச் சாம்பார் நான் வைக்கிறேன். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் மரியாதையானவர்கள், "ரசம் போதும்ணா" என்கிறார்கள். நேற்று ஆரணியிலிருந்து நாலு காலேஜ் பையன்கள் பைக்கில் வந்து, "டிவில வந்த அந்த வாயில வைக்க முடியாத சாம்பார் இருக்குங்களா?" என்று கேட்டார்கள். கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, டிவியில் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவள் பெயரைக் கெடுக்கிற வேலையை டிவி ஒருநாள் செய்தது, நான் தினம் செய்கிறேன்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். போன சனிக்கிழமையே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் கோபத்தில், அவள் வராவிட்டால் போகட்டும், தூள் டப்பாவையாவது அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தேன். எல்லம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவள் தேய்த்துக்கொண்டிருந்த அண்டாவை அப்படியே விட்டுவிட்டு, "கிழிச்சிப் போடுண்ணா அதை" என்றாள். கிழித்தேன். "அண்ணி எதுக்குப் போச்சின்னு உனக்கு நெஜமாவே தெரியலியா?" என்று கேட்டாள். சாம்பார்தான், வேறென்ன என்றேன். எல்லம்மாள் தண்ணீர் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் தூக்கிப் பார்த்தேன். முக்கால் டிரம் இருந்தது. இந்த எல்லம்மாளுக்கு வயசாகிக்கொண்டு வருகிறது.

ஆகவே மச்சான், சரோஜாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. வேண்டுமானால் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் அவள் சாம்பாரைப் புகழ்ந்து பேசுகிறேன், பாலாஜி மைக் ஏற்பாடு செய்கிறேன் என்கிறான். பல்பெல்லாம் கழற்றிவிடுகிறேன், கல் தட்டைத் துணி துவைக்கப் போட்டுக்கொள்கிறோம், வாழை இலைக்காரனை வரச் சொல்லியாயிற்று, சுவருக்கு அவள் சொல்கிற கலர், நீல நிறம் வேண்டுமென்றால் நீலம். இனிமேல் எந்தச் சேனல்காரன் வந்தாலும் வாசலிலேயே தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். அவள் இல்லாத கடை எனக்குக் கடையாகவே இல்லை மச்சான். காலையில் ஷட்டரைத் தூக்கினால் எதற்குத் தூக்கினோம் என்று இருக்கிறது. ராத்திரி ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கத் தெரியாமல் நாலு ஆளுக்கு வடித்துவிடுகிறேன். அவள் என்ன கேட்டாலும் செய்கிறேன், என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரக்குழந்தைகளுக்கு அன்பு முத்தம். உங்கள் முருங்கைக்கும் ஃபேனுக்கும் என் விசாரிப்பு. அண்ணாமலையார் உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும், அதில் என் குடும்பமும் அடக்கம், ஏனென்றால் அது இப்போது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
கண்ணாயிரம்,
உரிமையாளர், தி ஹில் பௌல் (பழைய சரோஜா மெஸ்)

பி.கு.: புதன்கிழமை காலை. ஸ்டாம்ப் ஒட்டி, போடலாம் என்று தபாலாபீசுக்குக் கிளம்பினேன். கடை வாசலில் சரோஜா நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸிலேயே ஏறி வந்தாளாம். நான் நடு ரோட்டிலேயே சாம்பார் விளக்கத்தை ஆரம்பித்தேன். "நிறுத்துய்யா. அவனுங்க வெட்டி ஒட்னதுன்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும். நீ வெள்ளச் சட்டைல ஆரம்பிச்சி நீலச் சட்டைல முடிக்கற" என்றாள். அப்புறம் எதுக்குத்தான் போனே என்று கேட்டேன். "ஒன்பது நாளா சாம்பாரு சாம்பாருன்னே ஊதற. இதை ஒரு தடவ கேக்க மாட்டியான்னுதான் இருந்தேன். நீயா கேக்க மாட்டேன்னு தெரிஞ்சிதான் நானே வந்தேன்" என்று சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். டிரம் மூடியைத் தூக்கித் திருப்பி மேஜை மேல் வைத்தாள். நீல எழுத்து அத்தனையும் தண்ணீர்ப் பக்கம் பார்த்து இருந்திருக்கிறது. 'ரோ'வில் துருப் பிடித்துவிட்டது, தாமரை பாதி போய்விட்டது. "இருபத்தோரு நாள் என் பேரைத் தூக்கித் தூக்கித் தண்ணி மொண்டேன். ஒரு நாளாவது உனக்கு உறுத்துதான்னு பாத்தேன்" என்றாள். டிரம்முக்கு அது ரொம்ப நன்றாகச் சேர்ந்ததே என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சரோஜா முந்தானையால் அந்தத் தகரத்தைத் துடைக்கத் துடைக்க எனக்கு இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது, கேமராக்காரன் ஒருவனும் இல்லை. நானே ஏணி போட்டு ஏறி போர்டை மாட்டினேன், பாலாஜி ஏணியைப் பிடித்தான். 'தி ஹில் பௌல்' போர்டு டிரம்முக்குப் பழையதைவிட நன்றாகச் சேர்கிறது.

ஆகையால் மேலே நாலு பக்கம் எழுதினதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் போடுகிறேன், ஒட்டின ஸ்டாம்ப் வீணானால் உங்களுக்குத்தான் மனசு கஷ்டப்படும். ஒரே ஒரு உதவி. வந்த வேகத்தில் சரோஜா தூள் டப்பாவை உங்கள் வீட்டு அலமாரியிலேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். சாம்பாருக்கு வேண்டும். அந்த டப்பாவை மட்டும் பஸ் கண்டக்டர் யாரிடமாவது கொடுத்தனுப்பி வையுங்கள்.